மறுக்கப்பட்டவர்களின் மூச்சு

ஒஸ்லோவின் புருசெத்தில் தனியாக வசித்துவந்த புஷ்பமலரின் வீட்டில், 2019ஆம் ஆண்டு மாசி மாதத்திலிருந்து இன்னொருவருடைய மூச்சும் கேட்டது. முதலில் அது சோபாவின் ஜன்னல் பக்க ஓரத்தில் மட்டும் இருந்தது. நடுத்தர வயது ஆணின் மூச்சு. உள்ளே இழுக்கும்போது ஒரு சின்னத் தடக்கல், பிறகு நீளமாக வெளியே வரும். அந்தக் கிழமை ஒஸ்லோவில் பனி மழையாக மாறி, நடைபாதைகள் கண்ணாடிபோல உறைந்திருந்தன. மின்சாரக் கட்டணமும் ஏறியிருந்தது. காற்றுக்குழாயில் ஏதோ பழுது என்று நினைத்து அவள் குடியிருப்போர் சங்கத்துக்கு அறிவித்தாள். அவர்கள் அனுப்பிய நோர்வேஜியர் சுவரில் காதை வைத்துக் கேட்டார், பிறகு குனிந்து சோபாவில் வைத்துக் கேட்டார். "இது குழாய் இல்லை, ஆள்" என்று சொல்லிவிட்டுக் கருவிப்பெட்டியை மூடிக்கொண்டு போனார். சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதுபற்றிப் பேசப்பட்டது. மூச்சு தண்ணீர் பாவிப்பதில்லை, உடுப்புத் தோய்க்கும் அறையில் முறை கேட்பதில்லை என்பதால் நடவடிக்கை தேவையில்லை என்று முடிவாயிற்று.

புஷ்பமலர் கரவெட்டியில் பிறந்து, பதின்ம வயதில் அண்ணன் ஸ்ரீஸ்கந்தராசாவோடு நோர்வேக்கு வந்தவள். தாதியாகப் படித்துப் பல ஆண்டுகள் ஆஸ்பத்திரியில் வேலை செய்தாள். நோயாளிகளைத் தூக்கித் தூக்கி முதுகு தேய்ந்துபோனபின் நகர மையத்தில் உள்ள ஒரு ஆயுள் காப்புறுதி நிறுவனத்தில் சேர்ந்தாள். விண்ணப்பிப்பவர்களின் உடல்நிலையைப் பார்த்து, யாரை ஏற்பது, யாரிடம் கூடுதல் கட்டணம் கேட்பது, யாரை மறுப்பது என்று தீர்மானிப்பது அவளுடைய வேலை. அண்ணன் துரொண்ட்ஹெய்முக்குப் போய்க் குடும்பமாகிவிட்டான். அவளுக்கும் சில சம்பந்தங்கள் வந்தன, போயின. ஒரு கட்டத்தில் ஆட்கள் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். எப்போது நிறுத்தினார்கள் என்பதை அவள் கவனிக்கவில்லை.

நிறுவனத்தில் எல்லாவற்றுக்கும் அட்டவணை இருந்தது. சீனி வருத்தத்துக்கு ஒன்று, இருதயத்துக்கு ஒன்று, சிகரெட்டுக்கு ஒன்று. கஞ்சாவுக்கு மட்டும் அட்டவணை இல்லை. மறுக்கவும் என்று ஒரே ஒரு சொல் இருந்தது. ஏன் என்று பிரிவுத் தலைவி லீசாவிடம் ஒருமுறை கேட்டாள். குற்றம் என்று சட்டம் சொல்லும் ஒன்றைப் பற்றி யாரும் உண்மை சொல்வதில்லை, உண்மை சொல்லாத இடத்தில் கணக்குப் பார்க்க முடியாது, கணக்குப் பார்க்க முடியாத உயிரை நாங்கள் ஏற்பதில்லை என்றாள் லீசா. அவள் கெட்டவள் அல்ல. தன் பிறந்தநாளுக்குத் தானே கேக் செய்து எல்லோருக்கும் கொண்டுவருபவள். ஆகவே நாள் முழுக்கச் சிகரெட் பிடிப்பவர் கூடுதல் கட்டணத்தோடு ஏற்கப்பட்டார். இடைக்கிடை கஞ்சா பிடித்துவிட்டு அதை ஒப்புக்கொண்டவர் மறுக்கப்பட்டார்.

அப்படி மறுக்கப்பட்டவர்தான் நோர்வேயின் வட கோடியில், ஹம்மர்பெஸ்ட்டில் இருந்த அருளானந்தன். மன்னார்க்காரர், மீன் தொழிற்சாலையில் வேலை. இயந்திரப் பட்டி இடக்கையை இழுத்து இரண்டு விரல்களைக் கொண்டுபோனபின், இல்லாத அந்த விரல்களில் நோ மட்டும் நின்றுவிட்டது. எந்த மருந்துக் குளிசைக்கும் அது கேட்கவில்லை. கூட வேலை செய்த ஒருவன் கொடுத்த கஞ்சாவுக்குக் கேட்டது. பின்னேரங்களில் கொஞ்சம் பிடிப்பார். ஒருமுறை பொலிசில் பிடிபட்டுத் தண்டமும் கட்டியிருந்தார். மனைவி யோசெப்பின் புற்றுநோயில் இறந்தபின், ஆரம்பப் பள்ளியில் படிக்கும் மகள் கரோலினாவுக்கு இந்த நாட்டில் அவரை விட்டால் ஒருவரும் இல்லை. அதனால்தான் காப்புறுதி கேட்டார். கேட்ட கேள்விகளுக்கெல்லாம் உள்ளதை உள்ளபடி சொன்னார். புஷ்பமலர் விதிப்படி மறுத்தாள். பதிலின் அடியில் இருந்த பெயரைப் பார்த்துவிட்டு அவர் தொலைபேசி எடுத்தார்.

"தங்கச்சி, நீங்கள் தமிழோ?"

"ஓம் அண்ணை."

"ஒண்டு கேக்கிறன், குறை நினைக்காதேங்கோ. நான் பொய் சொல்லியிருந்தால் இது கிடைச்சிருக்குமோ?"

அப்படிப்பட்ட கேள்விக்கு அலுவலர் பதில் சொல்லக்கூடாது. "கிடைச்சிருக்கும்" என்றாள் புஷ்பமலர்.

"சரி. சும்மா அறிய ஆசைப்பட்டனான்" என்று அவர் வைத்துவிட்டார். ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் அவருடைய மூச்சு சின்னதாகத் தடக்கியது. அந்த வாரக் கடைசியில் அதே மூச்சு அவளுடைய சோபாவுக்கு வந்துசேர்ந்தது.

பிறகு கஞ்சாவுக்காக மறுக்கப்பட்ட மற்றவர்களும் வந்தார்கள். ஒரு மாணவனின் அவசர மூச்சு குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றது. தச்சுவேலை செய்யும் ஒரு பெண்ணின் மூச்சு வாசலில் சப்பாத்துகளுக்கு நடுவே இருந்தது. இன்னும் சிலர் சுவரோரமாக. இருதயத்துக்காகவோ சிறுநீரகத்துக்காகவோ அவள் மறுத்தவர்கள் ஒருவரும் வரவில்லை. அதைப் பற்றி அவள் நிறைய யோசித்தாள். அவர்களைப் பற்றி ஏதோ தெரிந்து மறுத்தேன், இவர்களை ஒன்றும் தெரியாமல் மறுத்தேன், அதனால் இருக்கலாம் என்று ஒரு முடிவுக்கு வந்தாள். வேறு விளக்கம் யாரும் கொடுக்கவில்லை.

கீழ்மாடி யோகாம்பாள் ஒருநாள் கத்தரிக்காய்க் குழம்பு கொண்டுவந்தவள், வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"உள்ளை ஆரும் படுத்திருக்கினமோ?"

"இல்லை அக்கா. ஆக்கள் இல்லை, மூச்சு மட்டும்தான்."

யோகாம்பாள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். "ஆம்பிளையளும் இருக்கினம் போலை."

"இருக்கினம்."

அந்தச் செய்தி புருசெத் முழுவதும் போய், கோயிலுக்குப் போய், அங்கிருந்து துரொண்ட்ஹெய்முக்கும் போய்ச் சேர்ந்தது. அண்ணன் தொலைபேசி எடுத்து, ஆக்கள் ஒரு மாதிரிக் கதைக்கினம், நீ ஆரோடையோ இருக்கிறியாம் என்றான். "இருக்கிறன்தான்" என்றாள் புஷ்பமலர். அவன் அங்கே பனி எவ்வளவு விழுந்தது என்று சொன்னான்.

கொள்ளைநோய் வந்து எல்லோரும் வீடுகளுக்குள் அடைந்த வருடத்தில், அந்தக் கட்டடத்தில் தனியாக வசித்தவர்களுள் தனிமை இல்லாதவள் அவள் ஒருத்திதான். சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்து அவர்கள் நடுவே வேலை செய்தாள். அருளானந்தனின் மூச்சை வைத்தே அவருடைய நாளை அறிந்துகொண்டாள். விடியற்காலையில் அது அவசரப்படும். வேலை நேரத்தில் குளிரில் குறுகும். பின்னேரம் ஒரு நேரத்துக்குப் பிறகு தடக்கல் மறைந்து நீளும். அந்த விரல்களின் நோ இப்போது விட்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அவளும் கணினியை மூடிவிட்டுச் சோபாவின் மற்ற ஓரத்தில் வந்து உட்காருவாள். யோசெப்பினின் ஆண்டுத் திவசத்தன்று அவர் அழுதார். சத்தம் இல்லை, மூச்சு மட்டும் உடைந்து உடைந்து வந்தது. புஷ்பமலர் அந்த இடத்தில் கையை வைத்தாள். அங்கே துணி மட்டும் இருந்தது.

2021இல், போதைப்பொருள் வைத்திருப்பவரைத் தண்டிக்காமல் உதவிக்கு அனுப்பும் சீர்திருத்தம் பாராளுமன்றத்துக்கு வந்து தோற்றது. தொலைக்காட்சியில் அது சொல்லப்பட்டபோது வீட்டில் எல்லா மூச்சுகளும் ஒரு கணம் நின்றுவிட்டுத் தொடர்ந்தன. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம், போதைக்கு அடிமைப்பட்டுப்போனவர்களின் தண்டனையைத் தளர்த்தியது. சட்டம் பெரிதாக மாறவில்லை. ஆனால் ஆட்கள் கதைக்கும் விதம் மாறியது. வைத்தியரிடம் பயமில்லாமல் சொன்னார்கள், வைத்தியர்கள் பதிந்தார்கள், பதிந்தவை சேர்ந்து கணக்காயின. 2023 இலையுதிர் காலத்தில் நிறுவனம் தன் விதியை மாற்றியது. அளவோடு பாவிப்பவர், வேறு ஆபத்து இல்லாதவர் என்றால், சிகரெட் பிடிப்பவரின் கட்டணத்தில் ஏற்கலாம். பழைய மறுப்புகளையும் திரும்பப் பார்க்கவேண்டும். "இந்த ஆட்களை உனக்குத்தானே தெரியும்" என்று லீசா அந்த வேலையைப் புஷ்பமலரிடம் கொடுத்தாள்.

அவள் ஒவ்வொருவராக ஏற்றாள். ஏற்ற அன்றே அவர்கள் போனார்கள். மாணவன் அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது போனான். தச்சுக்காரப் பெண் போன அன்று சப்பாத்துகள் இருந்த இடம் திடீரென்று பெரிதாகத் தெரிந்தது. அவர்களுக்காகச் சந்தோஷப்பட்டாள், சந்தோஷப்பட்டுக்கொண்டே வானொலியைப் போடத் தொடங்கினாள். கார்த்திகை முடியும்போது அருளானந்தன் மட்டும் மிஞ்சியிருந்தார்.

அவரை அவள் ஏற்கவில்லை. கையைப் பற்றி வைத்தியரிடம் இன்னொருமுறை கேட்கவேண்டும் என்று தனக்குத் தானே சொன்னாள். வைத்தியரின் பதில் வந்தது, அதில் குறை ஒன்றும் இல்லை. நத்தார்ப் பண்டிகை கழியட்டும் என்றாள். நத்தாரும் கழிந்தது. ஹம்மர்பெஸ்ட்டில் அப்போது சூரியனே எழும்புவதில்லை. ஒஸ்லோவில் எழும்பி, ஒன்றையும் சூடாக்காமல் இறங்கியது. தான் செய்வது என்னவென்று அவளுக்குத் தெளிவாகத் தெரியும். இதற்குள் அவருக்கு ஏதும் நடந்தால் அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் மிஞ்சாது. தெரிந்துகொண்டே பின்னேரங்களில் வந்து சோபாவின் மற்ற ஓரத்தில் உட்கார்ந்தாள்.

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் மூச்சு மாறியது. காலையில் கொஞ்சம் வேகம். மத்தியானம் மேலோட்டமாக, இழுத்து முடிக்க முதலே திரும்பிவந்தது. அவள் சோபாவுக்கு முன்னால் முழங்காலில் இருந்து, பழைய தாதியின் காதால் கேட்டாள். பிறகு தொலைபேசியை எடுத்தாள்.

"அருளானந்தன் அண்ணையோ? நான் ஒஸ்லோவிலையிருந்து புஷ்பமலர். காப்புறுதி."

"ஓ... ஞாயிற்றுக்கிழமையும் வேலையோ உங்களுக்கு?"

"இல்லை. நீங்கள் உடனை ஆஸ்பத்திரிக்குப் போகவேணும்."

"சின்னத் தடிமன், சளிதான் தங்கச்சி. படுத்தால் மாறியிடும்."

"தடிமன் இல்லை. இடப்பக்கம் காத்து ஏறேல்லை. காலமையிலையிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறன்."

அந்தப் பக்கம் காற்று ஜன்னலை அடிக்கும் சத்தம் கேட்டது. "எங்கையிருந்து கேக்கிறியள்?"

"என்ரை வீட்டிலையிருந்து. உங்கடை மூச்சு இஞ்சைதான் இருக்கு. நான் உங்களை மறுத்த நாளிலையிருந்து."

அவர் அதை யோசித்தார். யோசிப்பதும் இரண்டு இடத்தில் கேட்டது, காதிலும் சோபாவிலும்.

"கரைச்சல் குடுத்திச்சோ?"

"இல்லை."

"நான் குறட்டை விடுறனான். மனிசி ஏசுறவ."

"ஓம், விடுறனீங்கள்" என்றாள் புஷ்பமலர். "பிள்ளை நிக்கிறாவோ? போனை அவவிட்டைக் குடுங்கோ அண்ணை."

கரோலினா எதையும் விளக்கமாகக் கேட்கவில்லை. "நான் இப்பவே லெகெவாக்துக்கு அடிக்கிறன் அன்ரி" என்று அவசர சிகிச்சைக்குத் தொலைபேசி எடுக்க ஓடினாள்.

நுரையீரலில் சளிக் காய்ச்சல், நிமோனியா. இன்னும் ஒரு நாள் கிடந்திருந்தால் கஷ்டம் என்று வைத்தியர்கள் சொன்னார்களாம். புஷ்பமலர் லீவு எடுத்துச் சோபாவுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தாள். ஒட்சிசன் வைத்தபோது மூச்சு இலகுவாவதைக் கேட்டாள், காய்ச்சல் இறங்குவதைக் கேட்டாள், ஒரு விடியலில் அவர் நல்ல உரமாகக் குறட்டை விடுவதையும் கேட்டாள். அன்றைக்குத்தான் முகம் கழுவினாள். அவர் முற்றாகக் குணமாகி வேலைக்குத் திரும்பியபின் அவரை ஏற்றாள். மாறிப்போன சளிக் காய்ச்சலுக்கு எதிராக விதியில் ஒன்றும் இல்லை. அன்று வேலையில் பிந்தி நிற்கலாமா என்று நினைத்தாள். பிறகு நேரத்துக்கே நிலக்கீழ் ரயிலைப் பிடித்து வீட்டுக்கு வந்தாள். மூச்சு இன்னும் இருந்தது. அவள் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். சில தடவை உள்ளே போய் வெளியே வந்தது. பிறகு வரவில்லை. அவள் கைபேசியில் ஹம்மர்பெஸ்ட்டுக்கு அழைத்தாள். அவர் எடுத்து, சமைத்துக்கொண்டிருக்கிறேன் என்றார். "அப்ப சரி" என்று வைத்தாள்.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் சொல்வதற்கு ஒன்றும் இல்லாதவை. யோகாம்பாள் படியால் ஏறி வந்து, வாசலில் நின்று கேட்டு, "எல்லாரும் போட்டினமோ?" என்றாள். எல்லோருக்கும் கிடைத்துவிட்டது என்றாள் புஷ்பமலர். யோகாம்பாள் உள்ளே வந்து இருந்து தேத்தண்ணி குடித்தாள். அவள் மூச்சு விடுவதே தெரியாத பெண்.

ஆடி மாதம் கரோலினாவின் பாடசாலை அணி கைப்பந்துப் போட்டிக்கு ஒஸ்லோ வந்தது. தகப்பனும் கூட வந்தார். புஷ்பமலர் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள். அருளானந்தன் அவள் நினைத்ததைவிடக் கட்டை. வெட்கப்பட்டு இடக்கையைப் பொக்கற்றுக்குள் வைத்திருந்தார். ஒருவரும் சொல்லாமலே சோபாவின் ஜன்னல் பக்க ஓரத்தில் போய் உட்கார்ந்தார். மூன்று பேரும் மீன்குழம்பைப் பற்றியும் ஹம்மர்பெஸ்ட்டின் காற்றைப் பற்றியும் கதைத்தார்கள். மூச்சைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. சாப்பிட்டு முடித்தபின் பெண்கள் இருவரும் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் சோபாவிலிருந்து குறட்டை கேட்டது.

கரோலினாவுக்கு முகம் சிவந்தது. "சொறி அன்ரி. அப்பாவை எழுப்பட்டோ?"

"விடும், படுக்கட்டும்" என்று சொல்லி, புஷ்பமலர் தண்ணீர்க் குழாயைப் பூட்டினாள். சவர்க்காரக் கையோடு அப்படியே நின்றாள். வெளியே வெயில் நல்லாக எறித்தது. மாலை விமானத்துக்கு இன்னும் நேரம் இருந்தது.