நீக்கிலாப்பிள்ளையின் வீட்டுக்கு வெறித்த வரலாறு

வட அமெரிக்கக் கண்டத்திலேயே நிதானம் தவறாத மனிதர் தான் ஒருவர்தான் என்று தரைக்கும் சுவருக்கும் ரைல்ஸ் பதிக்கும் நீக்கிலாப்பிள்ளை சொல்வார், அது உண்மைதான். இருபத்திரண்டு வருடம் நாள் தவறாமல் முக்கால் போத்தல் விஸ்கி குடித்தும் அவருக்கு ஒருமுறைகூட வெறிக்கவில்லை. வெறித்தது அவருடைய வீட்டுக்கு. ஸ்காபரோவில், லோரன்ஸ் வீதிக்கு வடக்கே, சிவப்புச் செங்கல்லில் கட்டிய இரண்டு மாடி வீடு அது. 2002ஆம் ஆண்டு வாங்கியபோது அந்தத் தெருவின் மற்ற வீடுகளைப்போல ஒழுங்காகத்தான் நின்றது.

நீக்கிலாப்பிள்ளை காலை ஆறு மணிக்கு எழும்பி, முகம் வழித்து, சாமான் ஏற்றிய வானை ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போவார். பின்னேரம் வந்து குளித்து, குசினியில் சாப்பாட்டு மேசைக்கு முன்னால் இருந்து, எட்டரைக்குள் முக்கால் போத்தலை முடித்து, புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டு, செய்தி பார்த்துவிட்டுப் படுப்பார். ஞாயிறு பூசையில் முதல் வரிசை வாங்கு அவருடையது. பங்குத் திருவிழாவில் கொடிமரம் நடும் பொறுப்பும் அவருடையதுதான்; அவர் நட்ட கொடிமரம் மயிரிழையும் சரிந்ததில்லை. ஏன் குடிக்கிறீர்கள் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. ஒழுங்காக வேலைக்குப் போகிற மனிதரிடம் அப்படிக் கேட்கும் வழக்கம் ஸ்காபரோவில் இல்லை. பிறந்தநாள் விழாக்களில் எட்டாவது கிளாஸ் முடிந்ததும் கூட வேலை செய்பவர்கள் அவர் தலையில் சமன் பார்க்கும் நீர்மட்டத்தை வைத்துப் பார்ப்பார்கள். கண்ணாடிக்குள் இருக்கும் குமிழி நடுவில் வந்து நின்று அசையாது. எல்லோரும் கைதட்டுவார்கள். அவர் தலையை ஆட்டாமல் நன்றி சொல்வார்.

வீட்டில் முதலில் ஆடத் தொடங்கியது கரண்டிகள் வைக்கும் இழுப்பு லாச்சி. 2003ஆம் ஆண்டு மாரியில் ஒருநாள் எட்டரை மணிக்கு அது தானாகத் திறந்து, கொஞ்ச நேரம் யோசித்து, மூடிக்கொண்டது. பிறகு வெளிக்கதவு. நீக்கிலாப்பிள்ளை திறப்பை நேராகத்தான் நீட்டுவார்; பூட்டின் துவாரம்தான் அங்கும் இங்கும் விலகி அவரைத் தேடும். மாடிப்படி ஏறும்போது பதின்மூன்று; இறங்கும்போது பதினொன்றோ பன்னிரண்டோ, அன்றைய போத்தலைப் பொறுத்தது. பத்தாவது வருடத்தில் வீடு பக்கத்து வீட்டின் தோளில் சாய்ந்து, வெப்பக் குழாய்களின் வழியாகப் பழைய கதைகளை முணுமுணுக்கப் பழகிக்கொண்டது. பக்கத்து வீட்டுக் கயானாக்காரப் பெண்மணி முறைப்பாடு செய்ய நினைத்து, தன் வீட்டுக்கும் ஒரு துணை இருக்கட்டுமே என்று விட்டுவிட்டார். மாதத்துக்கு ஒருதடவை நீக்கிலாப்பிள்ளை வீட்டில் கூடிய செபக்குழுவினர் செபம் சொல்லும்போது எல்லோரும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, ஒன்றாகவே நிமிர்ந்தார்கள். பரிசுத்த ஆவி இந்த வீட்டில் பலமாக இறங்குகிறார் என்று செய்தி பரவி, பன்னிரண்டு பேராக இருந்த குழு நாற்பது பேரானது.

வெறி முறியும் காலையில்தான் வீட்டுக்குக் கரைச்சல் அதிகம். வெளிச்சம் பிடிக்காமல் யன்னல்கள் திறக்க மறுக்கும். நீக்கிலாப்பிள்ளையின் மனைவி வேரோனிக்கா எழும்பி, துவாயை நனைத்து ஹீற்றரின் தலையில் கட்டுவார்; உப்புப் போட்டுத் தேசிக்காய் பிழிந்து குசினித் தொட்டிக்குள் விடுவார். குழாய்கள் ஒருமுறை ஏப்பம் விடும், வீடு தெளியும். எந்தச் சுவரை எத்தனை மணிக்குத் தாங்கவேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். ஒருநாளும் தள்ளாடாத புருஷன் வாய்த்தது உன் அதிர்ஷ்டம் என்று கோயிலில் பெண்கள் சொன்னால், ஓம், அவர் தள்ளாடினதில்லை என்பார். பொய் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை.

2024ஆம் ஆண்டு ஏப்ரலில் நகரசபை அதிகாரி ஒருவர் வந்து அளந்து பார்த்து, வீடு பதினொரு அங்குலம் கிழக்கே சரிந்திருப்பதாக எழுதினார். செப்டெம்பர் முதலாம் திகதிக்குள் அது நிமிராவிட்டால் ஆட்கள் வெளியேற வேண்டும், வீடு இடிக்கப்படும் என்று கதவில் மஞ்சள் கடதாசி ஒட்டினார். ரெக்ஸ்டேலில் இருக்கும் மகன் றொய்சன் வந்து அம்மாவைத் தன்னோடு கூப்பிட்டான். வேரோனிக்கா போகவில்லை.

“நான் போனா இதை ஆர் பாக்கிறது?” என்று கேட்டார். இடித்தால் தன்னையும் உள்ளே வைத்து இடிக்கட்டும் என்றும் சொன்னார். அவர் சொன்னதைச் செய்கிறவர் என்பது றொய்சனுக்குத் தெரியும்.

நீக்கிலாப்பிள்ளை இரும்புத் தூண்கள் வாங்கி முட்டுக் கொடுத்தார். வீடு அவற்றையும் பாசத்தோடு கட்டிப்பிடித்து வளைத்துவிட்டது. அவருக்கு இது மானப் பிரச்சினை. கொள்கையுள்ள மனிதர் என்பதால் ஒரு சனிக்கிழமை காலை வீட்டு முன் ட்ரைவ்வேயில் நின்று, தெரு முழுக்கக் கேட்க, வீட்டுக்குப் புத்தி சொன்னார்.

“இருபத்திரண்டு வருஷமாக் குடிக்கிறன். என்னைப் பார். ஒரு நாள் சுவர் பிடிச்சனோ? நீயே சுவர். நீ என்னத்துக்கு ஆடுறாய்?”

அந்த நேரம் எதிர்ப்பக்கம் கஸ்பர் போய்க்கொண்டிருந்தார். அவரும் முன்பு ரைல்ஸ் பதித்தவர்தான். குடியை விட்டு ஆறு வருடம். ஆனால் குடியில் மரத்துப்போன பாதங்களில் உணர்ச்சி திரும்பி வராததால் மதில், வேலி, தபால்பெட்டி என்று அகப்பட்டதைப் பிடித்துப் பிடித்துத்தான் நடப்பார். நீக்கிலாப்பிள்ளைக்கு அவரைக் கண்டால் வாய் சும்மா இராது. உவன் சுவரைக் கலியாணம் கட்டின ஆள் என்று சத்தம் கேட்டுக் கூடி நின்றவர்களுக்குச் சொல்லிவிட்டு, கஸ்பரையே கேட்டார்.

“குடிக்கேக்கையும் ஆடினனி, விட்டாப்பிறகும் ஆடுறாய். பிறகு என்னத்துக்கடாப்பா விட்டனி?”

எல்லோரும் சிரித்தார்கள். கஸ்பரும் சிரித்தார்.

“ஓம் அண்ணை. ஆனா ஆடுறது நானெண்டு எனக்குத் தெரியுது. எனக்கு அவ்வளவு காணும்.”

ஜூன் மாதம் இரண்டாம் ஞாயிறு, பூசை முடிந்து வந்த மத்தியானம், வேரோனிக்கா உடுப்புக் கூடையோடு படியிறங்கினார். கடைசிப் படி அன்று இருக்கவில்லை. வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. ஆஸ்பத்திரியில் தாதி, வீட்டில் யாராவது குடிக்கிறவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டபோது, வேரோனிக்கா யோசித்து, வீடு என்றார். தாதி அதை மொழிப் பிரச்சினை என்று குறித்துக்கொண்டார். கட்டிலின் அருகில் நீக்கிலாப்பிள்ளை நேராக நின்றதைப் பார்த்து, அடுத்த கட்டில்காரர் அவரை டொக்டர் என்று நினைத்து மருந்து கேட்டார்.

மறுநாள் காலை வீடு நடுங்கியது. அலுமாரிக்குள் கோப்பைகள் பற்களைப்போல அடித்துக்கொண்டன. வேரோனிக்கா இடது கையால் தேசிக்காயைப் பிழிந்து பார்த்தார், சாறு வரவில்லை. காயை நீக்கிலாப்பிள்ளையிடம் நீட்டினார். அவர் அதை வாங்கிக்கொண்டே வீட்டை ஏசத் தொடங்கினார். வெட்கமில்லாத வீடு, மனிசியின் கையை முறித்த வீடு என்றார்.

“இஞ்சருங்கோ, அதைப் பேசாதேங்கோ,” என்றார் வேரோனிக்கா. “அது ஒரு சொட்டும் குடிக்கேல்லை.”

நீக்கிலாப்பிள்ளை தேசிக்காயைப் பிழிந்து தொட்டிக்குள் விட்டார். பிறகு மனைவி செய்வதைப்போல உள்ளங்கையைச் சுவரில் வைத்தார். சுவர் மெல்லிதாக, விடாமல் நடுங்கியது. இந்த நடுக்கத்தை அவர் முன்பு கண்டிருக்கிறார். கஸ்பர் குடித்துத் திரிந்த காலத்தில், வேலைத்தளத்தில் காலைத் தேநீரைப் பிடித்திருந்த விரல்களில். கையை எடுத்துத் தன் விரல்களைப் பார்த்தார். அவை கல்லைப்போல நின்றன. முதல்முறையாக அது அவருக்கு வெட்கமாக இருந்தது.

குடியை விடப்போகிறேன் என்று அவர் போய்ச் சொன்னபோது குடும்ப வைத்தியர், ஒரேயடியாக நிறுத்தினால் உயிருக்கு ஆபத்து, மருந்தோடு படிப்படியாகத்தான் குறைக்கவேண்டும் என்றார். நீக்கிலாப்பிள்ளை அப்படியே செய்தார். முக்கால் போத்தல் அரையானபோது வீடு மூன்று அங்குலம் நிமிர்ந்தது. அரைப் போத்தல் கால் போத்தலானபோது பக்கத்து வீட்டின் தோளிலிருந்து தலையை எடுத்தது. கயானாக்காரப் பெண்மணிக்குக் கொஞ்சம் கவலைதான். வீட்டை விட்ட வெறி வேறெங்கும் போகவில்லை. உரியவரிடம் வந்தது. ஜூலையில் ஒரு பின்னேரம் துவாரம் அசையாமல் நிற்க, நீக்கிலாப்பிள்ளையின் திறப்பு அதைச் சுற்றிச் சுற்றித் தேடியது. அன்றே வான் திறப்பைக் கொண்டுபோய் றொய்சனிடம் கொடுத்தார். அதுவரை கண்ணாலேயே மட்டம் பார்த்தவர், தன் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு நீர்மட்டம் வாங்கினார். ஓகஸ்ற் இருபத்தோராம் திகதி அவர் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. அதற்குப் பிறகும் குடிக்கவில்லை. அந்த ஞாயிறு பூசையில் முதல் வாங்கில் சாய்ந்து, பக்கத்திலிருந்த முன்பின் தெரியாதவரின் தோளில் தலைவைத்து, நீதான் என்ர உண்மையான சிநேகிதன் என்று அழுதார்.

செப்டெம்பர் மூன்றாம் திகதி அதிகாரி வந்தார். வீடு நிமிர்ந்து நின்றது. எந்தக் கொம்பனி செய்தது என்று கேட்டார். வேரோனிக்கா, ட்ரைவ்வேயில் இரண்டடி முன்னும் ஓரடி பின்னுமாக நின்ற கணவரைக் காட்டினார். அதிகாரி அவரைப் பார்த்து, வேரோனிக்காவைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, உதவி தேவையென்றால் அழைக்கும்படி ஒரு தொலைபேசி இலக்கம் கொடுத்துவிட்டு, மஞ்சள் கடதாசியைக் கிழித்துக்கொண்டு போனார்.

ஊர் மெல்லத்தான் கதைத்தது. பிளாசா மரக்கறிக் கடையில் ஒரு பெண், வேரோனிக்கா கேட்கும்படியாகவே, “பாவம், வயசுபோன காலத்தில மனிசன் குடிக்கத் தொடங்கிட்டுது,” என்றார். கொடிமரப் பொறுப்பு வேறொருவருக்குப் போனது. ஆவி விலகிவிட்டார் என்று செபக்குழு ஒன்பது பேராகக் குறைந்தது. ஒரு பிறந்தநாள் விழாவில் பழக்கதோஷத்தில் யாரோ அவர் தலையில் நீர்மட்டத்தை வைக்க, குமிழி ஓடிப்போய் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டது. ஒருவரும் கைதட்டவில்லை. அவர் கையில் இருந்தது வெறும் தண்ணீர். அதைச் சொல்ல வாயைத் திறந்தார். எதிர்மேசையில் வேரோனிக்கா முறிந்து ஆறிய கையால் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். நீக்கிலாப்பிள்ளை திறந்த வாயால் தண்ணீரைக் குடித்தார்.

இருபத்திரண்டு வருட வெறி இறங்க இன்னும் இருபத்திரண்டு வருடம் செல்லும் என்று கஸ்பர் கணக்குச் சொல்லியிருக்கிறார். இப்போது காலை பத்து மணிக்கு நீக்கிலாப்பிள்ளை வெளிக்கதவைத் திறந்து வருகிறார். வலது கையைச் செங்கல்லில் வைக்கிறார். ஒவ்வொரு கல்லாகப் பிடித்துக்கொண்டு கராஜ் மூலைவரை நடந்து, இளைப்பாறி, அப்படியே திரும்புகிறார். சுவர் அசைவதில்லை.