சித்தப்பாவுக்கு ஏற்ற வாள்

வாசலில் நின்று விடைபெறும் பேச்சை வெட்ட எங்கள் ஊரில் ஜப்பானிய வாளைத்தான் பயன்படுத்துகிறோம். அரிவாளுக்கு அது மசிவதில்லை. நார் அதிகம்.

என் மனைவி கோதைநாயகியின் சித்தப்பா ராஜமாணிக்கம் ஞாயிற்றுக்கிழமை "அப்ப நான் வர்றேன் கண்ணு" என்று எழுந்தார். புதன்கிழமையும் எங்கள் வாசற்படியில்தான் நின்றார், ஒரு காலில் மட்டும் செருப்போடு. மாங்காய் விலை, முழங்கால் வலி, யாருக்கோ பார்த்த வரன் என்று பேசியும் தீராமல், இன்னும் பேசாத மிச்சம் அவர் பின்னால் சுருண்டு மாடிப்படி வரை கிடந்தது. அன்று மாலை எங்களுக்குக் கன்னியாகுமரி ரயில். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இருவர் மட்டும் எங்கேயும் போனதில்லை. அவரை வாசலில் வைத்துக்கொண்டு கதவை எப்படிப் பூட்டுவது? எனக்கு அழுகையே வந்துவிட்டது.

செவ்வாய்பேட்டையில் ஒரு வாள் கடைக்குப் போனேன். கடைக்காரர் லியாகத் பாய் முதலில் கேட்டது, மாட்டி வைக்கவா, வெட்டவா என்றுதான். மாட்டி வைக்கிற வாள் கண்ணைப் பறித்தது. கறுப்பு உறை, பட்டுக் கயிறு, கைப்பிடியில் ஒரு கொக்கு. எங்கள் சோபாவுக்கு மேலே அம்சமாக இருக்கும். பாய் உதட்டைப் பிதுக்கினார். அதில் இரும்பு கைப்பிடிக்குள் விரல் நீளம்தான் போகிறதாம். ஓங்கினால் அலகு கழன்று பறக்குமாம். போன மாதம் ஒருவர் அப்படி ஓங்கப்போய், எதிர்வீட்டு நிச்சயதார்த்தப் பேச்சு பாதியில் அறுந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் மீதியை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

வெட்டுகிற வாளில் அழகு ஒன்றுமில்லை. இரும்பு மட்டும் கைப்பிடியின் அடிவரை ஓடியது. சோதித்துப் பார்ப்பதற்காகக் கடை வாசலில் ஒரு தம்பதி சம்பளத்துக்கு விடைபெற்றுக்கொண்டிருந்தார்கள். முதலில் எடுத்த வாள் எனக்கு நீளம். "குழந்தைங்களைக் கேட்டதாச் சொல்லுங்க" என்ற இடத்தில் சிக்கிக்கொண்டது. அடுத்தது கொஞ்சம் குட்டை, வளைவு அதிகம். சாய்த்து இழுத்தேன். வாழைத்தண்டில் இறங்குவது போல இறங்கியது. தம்பதி எனக்கு நன்றி சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

வீட்டில் கோதை என் கையைப் பிடித்துக்கொண்டாள். முன்னின்று அவளுக்குக் கல்யாணம் செய்துவைத்தவர் சித்தப்பாதான்.

"பாத்து வெட்டுங்க," என்றாள். "மறுபடி வர்ற மாதிரி வெட்டுங்க."

அவர் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் வெட்டினேன். சித்தப்பா வாயை மூடினார், இன்னொரு செருப்பை மாட்டினார், இறங்கிப் போய்விட்டார். முகம் மட்டும் ஒரு மாதிரி இருந்தது.

பேசாத மிச்சம் வாசலிலேயே கிடந்தது. ஜமக்காளம் மாதிரி சுருட்டி வைக்கலாம் என்று கோதை அதன் கடைசி முனையைத் தூக்கினாள். அது சித்தப்பாவின் குரலில் பேசியது.

"நான் கடலையே பார்த்ததில்ல கண்ணு. உங்களோட நானும் வரட்டுமா?"

கோதை அழுதாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தெருமுனை வரை ஓடிப் பார்த்தேன். அவர் பேருந்து ஏறிவிட்டிருந்தார். நல்ல வாள்தான், வெட்டு அத்தனை சுத்தம்.

மிச்சத்தைச் சுருட்டி ரயிலில் ஏற்றினோம். டிக்கெட் பரிசோதகர் அதைக் கொஞ்சம் விரித்துக் கேட்டார். மூத்த குடிமகனுடையது என்பதால் அதற்குக் கீழ்ப்படுக்கையை ஒதுக்கிவிட்டு, எங்களை மேலே ஏறிக்கொள்ளச் சொன்னார். கடல் தெரிந்ததும் எங்களை எழுப்புவதாக அது சொன்னது.