பாலத்தின் நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி

நாங்கள் செய்வது தீப்பெட்டி அளவு நிலக்காட்சி. செம்புத் தகட்டைப் பின்னாலிருந்து தட்டிப் பாலத்தையும் மரங்களையும் புடைப்பாக எழுப்புவார்கள். அதன்மேல் நான் எனாமல் வண்ணம் தீட்டி உலையில் சுடுவேன். பிரான்சில் எங்கள் லிமோஜ் நகருக்கு வரும் பயணிகளுக்கு வியென் நதியும் பழைய பாலமும்தான் வேண்டும். ஆகவே எப்போதும் அதே பாலம். பீங்கான் தொழிற்சாலையின் ராத்திரி ஷிப்டை விட்டு ஓடிவந்தவனுக்கு இது சொர்க்கம் என்பார் முதலாளி மதாம் பஜோ. சொர்க்கமெல்லாம் இல்லை. பகல் வெளிச்சம் இருந்தது, அவ்வளவுதான்.

பச்சையை மட்டும் தீட்டினால் காட்சி தூங்கிவிடும். ஓரிடத்தில் சிவப்பைத் தொட்டு வைத்தால் விழித்துக்கொள்ளும். தொழிலில் எல்லோரும் செய்வதுதான். நான் அதைப் பாலத்தின் நடுவில் வைப்பேன். அன்று தூரிகை வழுக்கிப் பக்கத்தில் ஒரு நீலப் புள்ளியும் விழுந்தது. சுட்ட பிறகுதான் கவனித்தேன். யாருக்குத் தெரியப்போகிறது என்று கடை ஜன்னலில் வைத்துவிட்டேன்.

தெருவுக்குத் தெரிந்துவிட்டது. பாலத்தில் ஒரு ஜோடி ஒட்டி நிற்கிறது என்றார்கள். எங்கள் பேட்டையில் சிவப்புக் கோட்டு போடுகிறவள் ஒருத்திதான், கசாப்புத் தெருவில் குடல் விற்கும் ஒதீல். சிவப்பு அவள் என்று முடிவாயிற்று. நீலம் யார் என்பதில்தான் சிக்கல். இங்கே வேலை செய்கிற ஆண்களில் பாதிப்பேர் நீல உடுப்பில்தான் திரிகிறார்கள்.

யாரும் மறுக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. தபால்காரர் தான்தான் என்றார். எரிவாயு மீட்டர் பார்க்கும் ஃபெர்னான் தன் தோள் அகலத்தைப் புள்ளியோடு ஒப்பிட்டுக் காட்டினான். கூரை வேலை செய்யும் கஸ்தோனும் கை தூக்கினார். அவர் மனைவி, இந்த முழங்காலை வைத்துக்கொண்டு இவர் பாலத்தில் பாதி தூரம்கூடப் போகமாட்டார் என்று காப்பிக் கடை நடுவில் சொல்லிவிட்டுப் போனாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒதீலிடம் பேச ஒரு வருஷமாக நாக்கைத் தயார் செய்துகொண்டிருந்தேன். இப்போது ஊரே அவளைச் சனிக்கிழமை நடனத்துக்குக் கூப்பிடப் போகிறது. வழி காட்டிக்கொடுத்தது என் தூரிகை.

மறுநாள் அவளே பட்டறைக்கு வந்தாள். அப்போதுதான் ஒரு தகட்டை உலைக்குள் தள்ளியிருந்தேன். கொஞ்சம் தாமதித்தாலும் கருகிவிடும்.

நீலம் யார் என்று கேட்டாள். யாரும் இல்லை, கை வழுக்கியது என்றேன்.

"அடப்பாவி. காலையிலேர்ந்து ரெண்டு பேரு பூ கொண்டுவந்துட்டாங்க. ஒருத்தன் பூண்டு கொண்டுவந்தான். உங்க கை வழுக்கினதுக்கு நான் யாரோட ஆடணும்னு ஊரு முடிவு பண்ணுது."

"என்னோட ஆடுங்க" என்றேன், உலையைப் பார்த்தபடி.

"அடுப்பைப் பாத்துக் கேட்டா அடுப்புதான் வரும். என்னைப் பாத்துக் கேளு."

தகட்டை எடுக்க வேண்டிய நேரம். இடுக்கி கையில் இருந்தது. நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"ஒரு வருஷமா உன் கடையிலதான் குடல் வாங்குறேன். எனக்குக் குடலே பிடிக்காது."

அவள் பெஞ்சில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். மூச்சு வாங்கினாள், மறுபடி சிரித்தாள். வாங்கினதையெல்லாம் என்ன செய்தாய் என்று கேட்டாள். தின்றேன் என்றேன். அவ்வளவுதான், எனக்கும் தொற்றிக்கொண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். புகை வந்ததை இரண்டு பேருமே பார்க்கவில்லை.

மதாம் பஜோ ஓடிவந்து இடுக்கியைப் பிடுங்கித் தகட்டை வெளியே இழுத்தார். மரங்களெல்லாம் கருகி வழிந்திருந்தன. பாலம் நதியில் இறங்கியிருந்தது.

"என்ன இது?"

"வெள்ளம், மதாம்."

ஒதீல் பெஞ்சிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். மதாம் என்னை வெளியே போகச் சொன்னார். மதியச் சாப்பாட்டுக்கு மட்டுமா, வேலையை விட்டே ஒரேயடியாகவா என்று கேட்டுக்கொள்ள முடியவில்லை. ஒதீல் அதற்குள் எழுந்து, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கத் தொடங்கியிருந்தாள்.