அப்புத்துரை எப்படிச் செத்தார்

என் புருசன் ரஜிதன் ஒரு சொட்டுச் சாராயம் வாயில் வைத்ததில்லை. உருத்திரபுரத்தில் அரிவு வெட்டு முடிந்து வயல்காரர் போத்தலோடு வாய்க்கால் கரையில் குந்தும்போது, இவர் மட்டும் சோடாவைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வருவார். அப்படிப்பட்ட மனிசனுக்கு ஈரலில் புற்றுநோய். ஆஸ்பத்திரியில் கேள்விப்பட்டவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். ஒளித்துக் குடித்திருப்பார் என்றது அந்தப் பார்வை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சில வருடங்களுக்கு முதல், சீனி வருத்தத்துக்குக் கிளினிக் போன இடத்தில் ஸ்கான் எடுத்து, ஈரலில் கொழுப்புப் படிந்திருக்கிறது என்றார்கள். "உங்கடை குடும்பத்திலை ஆருக்கும் ஈரல் வருத்தம் இருந்ததோ?" என்று டொக்டர் கேட்டார். இவர் வாய் திறக்க முதல், கூட வந்திருந்த இவருடைய தாய், மாமி இரஞ்சிதம் முந்திக்கொண்டார்.

"ஒருத்தருக்கும் இல்லை ஐயா. இவரின்ரை தேப்பனார் சண்டைக்குள்ளை செல் விழுந்து செத்தவர்."

டொக்டர் மேற்கொண்டு கேட்கவில்லை. நிறையைக் குறைக்கச் சொல்லி அனுப்பினார். இவர் கொஞ்ச நாள் சோற்றைக் குறைத்தார், பிறகு மறந்துபோனார். நானும் மறந்தேன். வயிறு நோகிறது என்று இவர் வரம்பில் குந்தியபோது கட்டி கைமுட்டி அளவுக்கு வளர்ந்துவிட்டது.

இந்த முறை பார்த்தவர் ஓர் இளம் டொக்டர், பெண். கதிரையை இழுத்துப்போட்டு எனக்கு ஆறுதலாக விளங்கப்படுத்தினார்.

"அக்கா, ஈரலிலை கொழுப்பு கனபேருக்கு இருக்கு. எல்லாருக்கும் கான்சர் வாறேல்லை. சில குடும்பங்களிலை பரம்பரையா ஒரு குறை வரும். அது இருந்தால் குடிக்காத ஆளுக்கும் வாறதுக்குக் கூடின சான்ஸ். குடும்பத்திலை முந்தி ஆருக்கும் வந்ததெண்டு தெரிஞ்சிருந்தால் அடிக்கடி ஸ்கான் பாத்திருப்பம், சின்னனிலையே பிடிச்சிருக்கலாம். இவருக்குச் சகோதரங்கள் இருக்கினமோ?"

"ஒரு தம்பி."

"அவரைக் கட்டாயம் வரச் சொல்லுங்கோ. உங்கடை பிள்ளையையும் ஒருக்காப் பாக்கவேணும்."

வீட்டுக்கு வந்து மாமியிடம் சொன்னேன். குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியை அப்படியே வைத்தார். பிறகுதான் வாயைத் திறந்தார்.

மாமா அப்புத்துரை செல்பட்டுச் சாகவில்லை. சண்டை முடிந்து சனத்தை அடைத்து வைத்திருந்த செட்டிகுளத்து முகாமில், கூடாரத்துக்குள், வயிறு வீங்கிக் கண் மஞ்சளாகிச் செத்தார். மகன்மார் இருவரும் அப்போது இராணுவத்தின் தடுப்பு முகாமில் இருந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

"குடிச்சுக் குடிச்சு ஈரல் அழுகிப்போச்செண்டு பக்கத்துக் கூடாரத்துச் சனம் கதைச்சுது, பிள்ளை. அந்த மனிசன் பீடிகூடப் பிடிச்சதில்லை. ஊருக்குத் திரும்பி வந்தாப்போலை, கேட்ட ஆக்களுக்குச் செல் எண்டன். பெடியளுக்கும் அப்பிடித்தான் சொன்னனான். செல் எண்டால் அதுக்கு மேலை ஒருத்தரும் கேக்கமாட்டினம்."

அது உண்மை. வன்னியில் அந்தச் சொல்லோடு கேள்வி நின்றுவிடும். கேட்பவர் வீட்டிலும் யாரோ அப்படிப் போயிருப்பார்கள்.

"உங்கடை மானத்துக்கு என்ரை மனிசன்தான் கிடைச்சாரோ?" என்று கத்தினேன்.

மாமி அழவில்லை. "தயாபரனுக்குச் சம்மந்தம் முற்றாகியிருக்கு. கிருசாந்தியும் பெரியபிள்ளையாகிட்டாள். பரம்பரை வருத்தமெண்டு வெளியிலை போனால் எங்கடை வாசலுக்கு ஆர் வருவினம்? கலியாணம் முடியட்டும், பிறகு அவனுக்குச் சொல்லுவம்" என்றார்.

தயாபரன்தான் இவருடைய தம்பி. அதே உடம்பு, அதே வயிறு, அதே சீனி. அவனிடம் சொல்லத்தான் வேண்டும் என்று தினமும் நினைப்பேன். என் மகள் கிருசாந்தி பள்ளிக்கூடத்தால் வந்து முன்னால் நிற்பாள். நாளைக்கு இவளைக் கேட்டு யார் வருவார்கள் என்று நினைத்தவுடன் வாய் அடைத்துவிடும். மாமியைத் திட்டிக்கொண்டே, தயாபரனுக்கும் ஊருக்கும் என்ன வருத்தமென்று சொல்லாமல், மாமி சொன்னபடி நடந்தேன்.

தைப்பொங்கலுக்கு முந்திய கிழமை இவர் போய்விட்டார்.

செத்தவீட்டுக்குப் பூவரசங்குளத்திலிருந்து தயாபரனுக்குப் பேசின பெண்ணின் வீட்டார் வான் பிடித்து வந்தார்கள். பெண்ணின் தாய்மாமன் சின்னராசா என் பக்கம் குனிந்து, "என்ன பிள்ளை வருத்தம்? நல்லா இருந்த ஆளெல்லே" என்றார். சுற்றியிருந்த பெண்கள் அழுகையை விட்டுவிட்டுக் காது கொடுத்தார்கள். எங்களுக்கு ஆண்பிள்ளை இல்லாதபடியால் கொள்ளி வைக்கத் தயாபரன்தான் குளித்துவிட்டு ஈரவேட்டியோடு நின்றான். வேட்டிக்கு மேலே வயிறு தள்ளிக்கொண்டு தெரிந்தது. கிருசாந்தி என் தோளில் சாய்ந்திருந்தாள்.

"ஹார்ட் அட்டாக்" என்றேன்.

சொல்லிவிட்டு மாமியைப் பார்த்தேன். ஆறுதல்படுவார் என்று நினைத்தேன். அவர் தயாபரனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு செத்துக் கிடந்த மகனின் காலடியிலிருந்து எழும்பினார்.

"பொய்" என்றார். "இவனுக்கு ஈரலிலை கான்சர். குடிச்சு வந்ததில்லை, பரம்பரையா வந்தது. தேப்பனும் அதிலைதான் செத்தவர். செல்லெண்டு சொன்னது நான்."

சின்னராசா தன் ஆட்களைப் பார்த்தார். அவர்கள் மெல்ல எழும்பினார்கள். மாமி அவர்களைத் தடுக்கவில்லை.

"தம்பி, காரியம் முடிஞ்ச கையோடை ஆஸ்பத்திரிக்குப் போ. கலியாணம் நிண்டால் நிக்கட்டும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "கிருசாந்தியையும் கூட்டிக்கொண்டு போ, பிள்ளை. அவளும் இந்த வீட்டு இரத்தம்தான்."

எந்தப் பிள்ளைக்காகப் பொய் சொன்னேனோ, அவளுடைய பெயரையே ஊர் முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டார். பாய்ந்து அவர் வாயைப் பொத்தவேண்டும்போல் இருந்தது. கிருசாந்தி என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"அம்மா, எனக்கும் வருமோ?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். மாமி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தெரியாதம்மா" என்றேன்.