துடைப்பத்தைச் சாய்த்து வைத்தவள்

1

"இதை நீயேதான் எழுதினியா?"

எனக்குப் பதினைந்து வயதானபோது ஓர் ஆசிரியை இப்படிக் கேட்டார். அவர் கையில் என் கட்டுரை, எதிரே இருபத்தெட்டுப் பேர். 'ஆமாம்' சின்னச் சொல்தான், ஆனால் வாயில் வரவில்லை. பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். மறுநாள் பள்ளிக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. பிறகு போகாமல் இருப்பதே பழகிவிட்டது.

கதை இங்கேதான் தொடங்குகிறது என்று சொல்லிவிடலாம். சொன்னால் நீங்கள் என்மேல் இரக்கப்பட ஆரம்பித்துவிடுவீர்கள். கதைக்கு அது நல்லதில்லை. வேறு தொடக்கம் பார்ப்போம்.

2

[இரண்டாம் முயற்சி] ஏஜியன் கடல் நீலப் பட்டாக விரிந்து கிடந்தது. வெண்ணிறக் கப்பல் அதன்மேல் அன்னம்போல

வேண்டாம். மூன்று மாதமாக அந்தக் கடலின்மேல்தான் இருக்கிறேன், ஒருநாளும் அது பட்டாக இருந்ததில்லை. எனக்கு அது பதினேழு அறைகளின் வட்ட ஜன்னல்களில் காய்ந்துபோன உப்பு, நான் துடைக்க வேண்டியது.

[மூன்றாம் முயற்சி] என் பெயர் தெமெலினா. கிரேக்கத்தில் காலிம்னோஸ் தீவு. முப்பத்து நான்கு பேர் பயணம் செய்யும் ஒரு சிறிய சொகுசுக் கப்பலில் அறைப் பணிப்பெண். பிரேயஸ் துறைமுகத்தில் கிளம்பி, இடிந்த கோயில்களாகப் பார்த்துக்கொண்டே போய், பத்தாம் நாள் பிரேயஸுக்கே திரும்புவோம்.

சுமார்தான். வைத்துக்கொள்வோம்.

3

எங்கள் கப்பலின் இரண்டு வழக்கங்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இவை இல்லாவிட்டால் கதை நடந்திருக்காது.

ஒன்று: மாலையில் ஒவ்வொரு தலையணைமேலும் ஒரு சாக்லேட்டும், மறுநாள் நிகழ்ச்சி அச்சிட்ட தாளும் வைக்க வேண்டும். தாளை மூன்றாக மடிப்பது என் வேலை.

இரண்டு: பயணிகளிடம் 'இல்லை' என்று சொல்லக் கூடாது. ஆலிவ் தீர்ந்துபோனால்கூட, "உங்களுக்காக வேற ஒண்ணு யோசிச்சு வச்சிருக்கோம்" என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் மேற்பார்வையாளர் பொலிக்சேனி அக்கா வேலைக்குச் சேர்ந்த அன்றே சொன்னாள்: "வாயில 'இல்ல'ன்னு வந்துச்சுன்னா, நீயும் இங்க இல்ல."

நிகழ்ச்சித் தாளில் தினமும் நாலைந்து மிஞ்சும். அவற்றின் பின்பக்கம் வெறுமையாக இருக்கும். வெறும் பக்கத்தைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. எழுதி, தைத்து, நோட்டாக்கி, விரிப்பு அறையின் அலமாரியில் தலையணை உறைகளுக்குப் பின்னால் வைத்துவிடுவேன். மொத்தம் ஆறு நோட்டுகள். யாருக்கும் தெரியாது.*

(* இப்போது உங்களுக்குத் தெரியும். பொலிக்சேனி அக்காவிடம் சொல்ல வேண்டாம்.)

இடிந்த கோயில் இருக்கும் நிடோஸ் கரைக்குப் போய்ச் சேர்வதற்கு முந்தின நாள், எழுதி முடிக்காத ஒரு தாள், மடிக்க வேண்டிய தாள்களோடு கலந்துவிட்டது. முன்பக்கம் நிகழ்ச்சி, பின்பக்கம் ஊதா எழுத்தில் என் கதை. அது ஒன்பதாம் அறைக்குப் போனது.

4

ஒன்பதாம் அறையில் மிஸஸ் ஹெப்வொர்த், இங்கிலாந்தின் யார்க்‌ஷயர்க்காரர், எழுபத்தொரு வயது. இவரை எப்படி எழுதுவது என்று மூன்று நாளாகத் திண்டாடுகிறேன். தினமும் தன் படுக்கையைத் தானே சரிசெய்துவிடுவார். நான் போய் அதைக் கலைத்து, மறுபடி சரிசெய்வேன். எங்களுக்குள் இது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. இப்படிக்கூட ஒருவர் உண்டா என்று நீங்கள் சந்தேகப்படுவீர்கள். எனக்கும் சந்தேகம்தான், படுக்கையைப் பார்க்கும்வரை.

காலை உணவின்போது நான் காபிக் குவளைகளை எடுத்துக்கொண்டிருந்தேன். மிஸஸ் ஹெப்வொர்த் தாளோடு எங்கள் வரலாற்று விரிவுரையாளர் அர்கிரிஸிடம் வந்தார்.

"மிஸ்டர் அர்கிரிஸ், பின்னாடி கிரேக்கத்துல என்னமோ எழுதியிருக்கே. கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்களேன்."

அர்கிரிஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆங்கிலத்தில் உரக்கப் படித்தார். நான் எழுதியது, எனக்குப் பாதியே புரியும் மொழியில், வேறொருவர் குரலில் வந்தது. எடுத்த குவளைகளையே மறுபடி மேஜைமேல் வைத்தேன்.

நிடோஸ் கோயிலில் தரை பெருக்கும் ஒருத்தி. உலகமெல்லாம் கப்பலேறி வந்து பார்க்கும் தேவியின் பளிங்குச் சிலை அங்கே. வந்தவர்கள் முகத்தைப் பார்த்தார்கள். இவள் இருபது வருடமாகப் பார்த்தது பாதத்தை மட்டும், ஏனென்றால் தூசி அங்கேதான் சேரும். வேலை முடிந்ததும் கோயிலுக்கு வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்து செருப்பிலிருந்து மணலைத் தட்டுவாள். கடைசி வரி இது:

அன்று மாலை அவள் துடைப்பத்தைக் கல்லின்மேல் சாய்த்து வைத்துவிட்டு,

அவ்வளவுதான். அந்த இடத்தில் பொலிக்சேனி அக்கா என்னைத் துண்டு மடிக்கக் கூப்பிட்டிருந்தாள்.

"வச்சுட்டு?" என்றார் மிஸஸ் ஹெப்வொர்த்.

"இங்க முடிஞ்சிருச்சு" என்றார் அர்கிரிஸ்.

"காற்புள்ளியில எப்படிங்க முடியும்? சரி, அந்தக் கல்லை இன்னிக்குக் காட்டுவீங்கல்ல?"

அர்கிரிஸ் முப்பது வருடமாக வரலாறு சொல்பவர். ஓர் ஆண்டைக்கூடத் தவறாகச் சொன்னதில்லை. அவர் கண் பொலிக்சேனி அக்கா பக்கம் போனது. அக்கா புன்னகையோடு நின்றாள். அந்தப் புன்னகை எனக்குத் தெரியும்.

"உங்களுக்குன்னே யோசிச்சு வச்சிருக்கேன்" என்றார் அர்கிரிஸ்.

5

நிடோஸில் வெயில். நான் குளிர்ந்த துண்டுப் பெட்டியோடு பின்னால் ஏறினேன். மேலே கோயிலின் வட்டமான அடித்தளம் மட்டும் இருக்கிறது, சிலை எப்போதோ போய்விட்டது. அர்கிரிஸ் தொப்பியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். கடைசியில் முள்செடிக்குப் பக்கத்தில் கிடந்த ஒரு கல்லைக் காட்டினார்.

"இதுதான்."

அது கல்தானா என்பதே எனக்குச் சந்தேகம். போன நூற்றாண்டு சிமெண்டு மாதிரி இருந்தது. ஆனால் முப்பத்து மூன்று பேர் அதைப் படம் எடுத்தார்கள். டென்மார்க்கிலிருந்து வந்த பல் டாக்டர் மோர்டென் குனிந்து தடவிப் பார்த்து, "நடுவுல தேஞ்சிருக்கு பாருங்க! இருபது வருஷம் உக்காந்திருக்கால்ல!" என்றார்.

இதை நான் கேலியாக எழுதத்தான் நினைத்தேன். ஆனால் படம் எடுக்காத அந்த ஒருவர் போய்க் கல்லில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, மணலைத் தட்டினார்.

நான் துண்டை நீட்டினேன். மிஸஸ் ஹெப்வொர்த் வாங்கிக்கொண்டு, அர்கிரிஸிடம் சொன்னார்: "பதினோரு வருஷம் வீட்டுக்காரரைப் படுக்கையில வச்சுப் பாத்தேன். போன மார்ச்சுல போயிட்டார். இப்ப என் பையன் கிரஹாம், வீட்டை வித்துட்டு எங்களோட வந்துடும்மாங்கிறான். கார் ஷெட்டுக்கு மேல ஒரு ரூம். இரட்டைக் குழந்தைங்க இருக்கு, பாத்துக்க ஆள் வேணுமாம். திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்."

"நல்ல பையன்தான் போல."

"நல்ல பையன்தான். அதுதானே கஷ்டம்." கல்லைத் தட்டிக்கொடுத்தார். "இவ என்ன பண்ணான்னு தெரிஞ்சா நல்லா இருக்கும், மிஸ்டர் அர்கிரிஸ். கதை எங்கயாவது கிடைக்குமா?"

அர்கிரிஸ் மறுபடி தொப்பியைக் கழற்றினார். "கிடைக்கும்."

6

அன்று மதியம் நான் இருந்த விரிப்பு அறையின் கதவு தட்டப்பட்டது. அர்கிரிஸ் தன் சலவைப் பையை என் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார். அதன் சீட்டில் அவர் பெயர், என் கையெழுத்தில்.

"இந்தக் கப்பல்ல ஊதாப் பென்சில் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, தெமெலினா. சலவைச் சீட்டு எழுதுறதுக்கு." தாளை விரித்தார். "இதை நீயேதான் எழுதினியா?"

அதே கேள்வி. இருபத்தெட்டுப் பேர் இல்லை, தலையணை உறைகள் மட்டும்தான். ஆனாலும் 'ஆமாம்' வாயில் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

"என்னைக் கெடுத்துட்டியே, பொண்ணே! முப்பது வருஷப் பேரை ஒரு சிமெண்டுக் கட்டிகிட்ட அடகு வச்சுட்டேன்." துண்டு மூட்டைமேல் உட்கார்ந்தார். "சரி, அப்புறம் என்ன பண்ணா?"

"தெரியாது, வாத்தியாரே."

"தெரியாதா? நாளை மறுநாள் பிரேயஸ். அதுக்குள்ள தெரிஞ்சாகணும்."

7

முடிவுகள். மறுநாள் கப்பல் எங்கும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தபோது எழுதியவை:

அ) துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, துறைமுகத்துக்கு இறங்கி, முதலில் கிளம்பிய கப்பலில் ஏறினாள்.

அர்கிரிஸ்: "நம்ம கம்பெனி விளம்பரம் மாதிரி இருக்கு."

ஆ) துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, உள்ளே போய் முதன்முறையாகச் சிலையின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். அதில்

அதில் என்ன? ஒரு மணி நேரம் யோசித்தேன். அதில் ஒன்றுமில்லை, பளிங்குதான்.

இ) துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்து, மறுபடி அதை எடுத்துக்கொண்டாள்.

"இதுதான் நிஜம்" என்றார் அர்கிரிஸ். "ஆனா இதை அந்தம்மாகிட்ட நான் படிச்சுக் காட்ட மாட்டேன்."

உங்களுக்கு எது பிடிக்கிறதோ அதில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். என்னால் முடியவில்லை. எதை எழுதினாலும் அது கோயிலில் பெருக்கியவளைப் பற்றியதாக இல்லை. கார் ஷெட்டுக்கு மேலே ஒரு ரூமுக்குப் போவதா வேண்டாமா என்பதாகவே இருந்தது. பள்ளியையே முடிக்காதவள் எப்படி அதை முடிப்பது?

மாலையில் அர்கிரிஸிடம், துடைப்பத்தைச் சாய்த்து வைத்த அந்த ஒரே ஒரு வரியை ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொன்னேன். ஒரு தாளின் வெறும் பக்கத்தில் எழுத்து எழுத்தாக அதைப் பார்த்து எழுதினேன். காற்புள்ளிவரை. கீழே முழுவதும் வெறுமை. மூன்றாக மடித்து, ஒன்பதாம் அறைத் தலையணையில், சாக்லேட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அதன்மேல் ஊதாப் பென்சில்.

பென்சிலே என்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று தெரிந்தேதான் வைத்தேன் என்று எழுதினால் நான் துணிச்சல்காரி ஆகிவிடுவேன். தெரியாமல் வைத்தேன் என்றால் பொய்.

8

பிரேயஸ். காலை எட்டு மணி. பயணிகளை அனுப்பிவைக்க இறங்குபடியின் மேல் நாங்கள் எல்லோரும் வரிசையாக நிற்போம். மோர்டென் எல்லோருக்கும் கை கொடுத்தார், கல்லின் படத்தைச் சட்டம் போடப்போவதாக அர்கிரிஸிடம் சொன்னார். அர்கிரிஸ் வானத்தைப் பார்த்தார்.

கடைசியாக மிஸஸ் ஹெப்வொர்த் வந்தார். அன்று காலை நான் ஒன்பதாம் அறைக்குப் போனபோது படுக்கை கலைந்தே கிடந்தது. முதன்முறையாக. தாள் தலையணைமேல் இல்லை, குப்பைக் கூடையிலும் இல்லை. பார்த்தேன்.

கீழே, வலப்பக்கம் விமான நிலையத்துக்குப் போகும் வண்டி காத்திருந்தது. இடப்பக்கம், தீவுகளுக்குப் போகும் கப்பல்கள் சங்கு ஊதிக்கொண்டிருந்தன. எந்தப் பக்கம் என்று இங்கே எழுதிவிடலாம். பேனா என் கையில்தான் இருக்கிறது. ஆனால் அது என் தாள் இல்லை.

அவர் பொலிக்சேனி அக்காவுக்குக் கை கொடுத்தார். அர்கிரிஸுக்குக் கை கொடுத்தார். என் முன்னால் நின்றார். அவர் சுட்டுவிரலில் ஊதாக் கறை.

"ஆமாம்" என்றேன். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை.

அவர் என் உள்ளங்கையைப் பிரித்து, பென்சிலை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டார். முனை நன்றாகத் தேய்ந்திருந்தது. பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படிகளில் இறங்கினார்,