முப்பது பேரில் ஒருவர்

குளியலறையில் துண்டை எட்டி எடுக்கப் போய் அப்பா விழுந்துவிட்டார். காலமெல்லாம் லிஃப்ட் மெக்கானிக்காக மாடி மாடியாகத் தொங்கி வேலை பார்த்தவர். அப்போதெல்லாம் ஒரு கீறல் பட்டதில்லை. சொந்த வீட்டு ஈரத் தரை இடுப்பெலும்பை முறித்துப் போட்டது.

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் மகளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் அவளை ஓரமாகக் கூப்பிட்டார். வயது, பலவீனமான இதயம், ரத்தக்குறைவு, ஞாபகத் தடுமாற்றம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துத்தான் சொல்கிறேன் என்று ஆரம்பித்தார்.

"இவரை மாதிரி நூறு பேர்ல முப்பது பேர் ஒரு வருஷத்தைத் தாண்டறதில்ல. ஆபரேஷன் பண்ணாம விட்டா இன்னும் மோசம். ஆனா உங்கப்பா முப்பதுல இருக்காரா, எழுபதுல இருக்காரான்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா. சீக்கிரம் எழுந்து நடக்கணும், நல்லா சாப்பிடணும்."

அதை அப்படியே வெளியூர்த் தம்பியிடம் போனில் சொன்னாள். அவன் காதில் 'தாண்டறதில்ல' மட்டும்தான் விழுந்தது போலிருக்கிறது. அடுத்த விமானத்தில் வந்து இறங்கினான்.

கல்யாண விஷயத்தில் முறைத்துக்கொண்டு போனதிலிருந்து அப்பாவோடு முகம் கொடுத்துப் பேசாதவன். இப்போது என்னடாவென்றால், ஆபரேஷன் முடிந்து அப்பா நினைவு குழம்பி, "லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சு, கதவைத் திறங்கடா" என்று கத்தியபோது கட்டிலை விட்டு நகரவில்லை. நகம் வெட்டினான், சவரம் செய்துவிட்டான். அக்காவுக்கு மனசு நிறைந்துபோயிற்று.

குழப்பம் தெளிந்து வீட்டுக்கு வந்த அப்பா, வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஹாலைச் சுற்ற ஆரம்பித்தார். கூடவே பழைய குத்தலும் திரும்பி வந்தது. சவரம் சரியில்லை, காபி சூடில்லை. தம்பி லீவை நீட்டினான், மறுபடி நீட்டினான். ஒரு நாள் சமையலறையில் நின்று மனைவியிடம் போனில் சொன்னான்: "இல்ல, இன்னும் ஒண்ணும் ஆகல. எவ்வளவு நாள் இழுக்கும்னு தெரியல."

ஹாலில் அப்பாவுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது. அப்பாவுக்குக் காது இன்னும் கூர்மைதான்.

"டாக்டர் என்னம்மா சொன்னாரு?"

மழுப்ப நினைத்தாள், வாய் வரவில்லை. உள்ளதைச் சொன்னாள்.

"அப்போ இவன் முப்பதுக்கு டிக்கெட் எடுத்துட்டு வந்திருக்கான்" என்றார் அப்பா.

சமையலறை வாசலில் வந்து நின்ற தம்பிக்கு முகம் செத்துப்போயிற்று. "அப்பா, நான் அந்த அர்த்தத்துல சொல்லலப்பா."

"எந்த அர்த்தமா இருந்தா என்னடா. உன் வேலையைப் பாரு, கிளம்பு. ஆனா சாப்பிட்டுட்டுப் போ."

அவன் போன பிறகு அப்பா வீம்புக்காகவே நடந்தார். தெருமுனை வரை போய், மூச்சு வாங்க வந்து உட்கார்ந்து, "அவன்கிட்ட சொல்லு" என்பார். சொன்னாள். "அப்படியா" என்பான் தம்பி. டாக்டரே மலைத்துப்போனார். அவளும் ஒரு வழியாக நிம்மதியாகத் தூங்க ஆரம்பித்தாள்.

மழைக்காலத்தில் சளி பிடித்தது. நெஞ்சுக்கு இறங்கியது. டாக்டர் சொன்ன ஒரு வருஷம் முடிய இன்னும் நாள் இருந்தது.

தம்பி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. ஆட்கள் கலைந்ததும் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தான்.

"கடைசியா என்னைப் பத்தி ஏதாவது சொன்னாராக்கா?"

கேட்டார், தேடினார் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவனுக்கு ஆறுதலாக இருக்கும். அது அவளுக்குத் தெரியாமலில்லை.

"ஃபேனைக் குறைக்கச் சொன்னாருடா. அவ்வளவுதான்."

அவன் தலையை ஆட்டினான். பிறகு சின்னப் பிள்ளை மாதிரி அவள் தோளில் சாய்ந்து அழுதான். பொய்யாவது சொல்லியிருக்கலாமோ என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் நேரம் தாண்டிவிட்டது.