எதிர்முனையைப் பிடிக்க ஒருவர்

1

இந்தக் கதை ஓர் அறிக்கையாகப் பிறந்திருக்க வேண்டியது. ஒரு நாடகக் குழுவினர் வந்து, "நீங்கதான் எழுதுறவராச்சே, ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க" என்றார்கள். தலைப்பும் அவர்களே கொடுத்தார்கள்: விளிம்புநிலைப் பால்புதுமை இளைஞர்களுக்குக் கலை வழியே வலுவூட்டல். அதை எழுதி அடிக்கோடு போட்டதுமே எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. வலுவூட்டல் என்றால் என்ன, சத்து மாத்திரையா? இருந்தாலும் வாக்குக் கொடுத்தாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போய் நாடகத்தைப் பார்த்தேன். திரும்பி வந்து மேசையில் உட்கார்ந்தேன்.

"இந்நிகழ்வின் வாயிலாகப் பங்கேற்பாளர்கள் தன்னம்பிக்கையும்—"

அதற்கு மேல் கை ஓடவில்லை. ஒரு பெண் சலவை இயந்திரமாக நடித்ததுதான் கண்ணுக்குள்ளேயே நின்றது.

2

முதல் தொடக்கம்: "வெள்ளைத் துணி வானத்தைப் போல விரிந்தது." (வேண்டாம். அது ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு. அதில் என்னென்ன கறை இருந்தது என்று துவைத்தவர்களைக் கேட்டால் வானத்தை இழுக்க மாட்டோம்.)

இரண்டாம் தொடக்கம்: "சிறு வயதிலிருந்தே அவள் மற்றவர்களைப் போல—" (இப்படி ஆரம்பிக்கும் கதைகளைப் படித்துப் படித்து அலுத்துவிட்டது. அவளும் மற்றவர்களைப் போலத்தான் இருந்தாள். சளி பிடித்தது, கணக்கு வரவில்லை.)

மூன்றாவது. இதுவே இருக்கட்டும்:

ஒரு படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை. ஒரு உதறு உதறி, இழுத்துப் பிடித்து, நீளவாக்கில் மடித்து, பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வர வேண்டும். இவள் முனையை அவள் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்து கீழே தொங்கும் மடிப்பைத் தூக்குவாள். ஒவ்வொரு விரிப்புக்கும் ஒருமுறை இரண்டு முகமும் அருகில் வரும், விரல்கள் தொடும், விலகும். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் ஒரு சலவைக்கூடத்தில் இந்த வேலையைச் செய்தவர்கள் ஓர் அம்மாவும் மகளும். மகள் மடித்தால் விளிம்பு கத்தி மாதிரி நிற்கும் என்பதால் எல்லோரும் அவளை 'மடிப்பு' என்றே கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிடுகிறேன்.

சலவைக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் தகரக் கூரை வரிசையில்தான் அவர்கள் வீடு. அந்த வரிசையின் பெயரை முகவரியில் எழுதினால் வேறு எங்கும் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். ஊரின் அழுக்கெல்லாம் அவர்கள் கையில் வெளுக்கும். ஆனால் அந்தக் கையால் கொடுத்த தண்ணீரை ஆஸ்பத்திரி வண்டிக்காரர் குடிக்க யோசிப்பார்.

3

ஒருநாள் மடிப்பு, இரண்டு முகமும் அருகில் வந்த அந்த நொடியில், முனையை அம்மா கையில் கொடுத்துக்கொண்டே சொல்லிவிட்டாள்.

"மாப்பிள்ளை எல்லாம் பார்க்காதம்மா. நான் அந்தத் தையக்கடையில காஜா எடுக்கிற பொண்ணோடதான் இருக்கப் போறேன். சும்மா சேக்காளியா இல்ல. நிஜமாவே."

அம்மா கத்தவில்லை. மடித்து முடித்து, விரிப்பை அடுக்கில் வைத்து, மேலே ஒரு தடவு தடவினாள். மறுநாள் மேற்பார்வையாளரிடம், "கை வலிக்குதுங்க, என்னை உருளைக்கு மாத்திவிடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டு, கூடத்தின் அந்தக் கோடியில் துணி தேய்க்கும் உருளைக்குப் போய்விட்டாள். மடிப்புக்கு எதிர்முனையில் யார் யாரோ வந்தார்கள், போனார்கள்.

வீட்டில் பேச்சு நிற்கவில்லை. நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அம்மா மொட்டையாகப் பேச ஆரம்பித்தாள். "சாப்பிடறவங்க சாப்பிடலாம்" என்று பானையிடம் சொல்வாள். "கதவைச் சாத்துறவங்க சாத்தலாம்" என்று கதவிடம் சொல்வாள். முன்பெல்லாம் நாள் முழுக்க "ஏன்டி", "இங்க வாடி", "எருமை, எந்திரிடி" என்று கூப்பிட்ட வாய். அந்த 'டி' மட்டும் வீட்டை விட்டுப் போய்விட்டது. மடிப்பு அதற்காக ஏங்கினாள். திட்டுக்காவது கூப்பிட மாட்டாளா என்று வேண்டுமென்றே பாத்திரத்தைக் கீழே போட்டுக்கூடப் பார்த்தாள். "பாத்திரம் போடுறவங்க எடுத்து வைக்கலாம்" என்றது அம்மாவின் குரல்.

(இங்கே காஜா எடுக்கும் பெண்ணை உள்ளே கொண்டுவர வேண்டுமா என்று ரொம்ப யோசித்தேன். அவளுக்கு ஒரு காட்சியும் எழுதினேன், பல்லால் நூலைக் கடித்துக்கொண்டே சிரிப்பாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவள் வந்தால் எல்லோரும் அவளையே பார்ப்பார்கள். இது அம்மாவுக்காக ஏங்கும் கதை. அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று நம்பி எடுத்துவிட்டேன்.)

4

நாடகக் குழு கூடுவது ஒரு மிதிவண்டிக் கடையின் மாடியில். அதை நடத்தும் அக்கா தரையில் கால் நீட்டி உட்கார்ந்து சுற்றி வளைத்துப் பேசாமல் வேலை வாங்குகிறவர். சுற்றுவட்டத்து வரிசைகளிலிருந்து, மடிப்பையும் சேர்த்து, பத்துப் பதினைந்து இளசுகள் வருவார்கள். மற்றவர்களில் இரண்டு பேரை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். ஒருத்தி 'ரேடியோ'. நெடுநெடுவென்று உயரம், முடிதிருத்தகத்தில் வேலை. வாய் ஓயாது, அதனால் அந்தப் பெயர். பிறந்தபோது மகன் என்றார்கள். தான் மகள் என்று அவள் சொன்னதும் வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது. இன்னொருவன் 'வயர்மேன்', மின்விசிறி பழுது பார்ப்பவன். தன்னைப் பற்றி இங்கே மட்டும்தான் பேசுவான்.

குழுவுக்கு இரண்டு விதிகள். ஒன்று: யாரும் தன் கதையில் தானாக நடிக்கக் கூடாது. கதையை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு வேறு ஏதாவது ஆக வேண்டும்.* இரண்டு: பார்வையாளர்களில் யார் கை தூக்கினாலும் அக்கா கை தட்டுவார், நாடகம் அப்படியே உறையும். கை தூக்கியவர் மேடையேறி, பிடிக்காத பாத்திரத்தை விலக்கிவிட்டு, அந்த இடத்தில் தான் நின்று கதையை மாற்றலாம்.

*ஏன் என்று கேட்டேன். "தன் கதையைத் தானே நடிச்சா அழுதுட்டே நின்னுடுவாங்க. தள்ளி நின்னு பார்த்தாதான் வழி தெரியும்" என்றார் அக்கா. அறிக்கைக்கு இந்த ஒரு வரியே போதுமானதாக இருந்தது. எனக்குத்தான் போதவில்லை.

மடிப்பு தன் கதையைக் கொடுத்தாள். ரேடியோ மகள். வயர்மேன் அம்மா, அக்காவின் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு. மடிப்புக்குக் கிடைத்தது சலவை இயந்திரம். ஓரமாகக் குந்தி, வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்ம்" என்று ஓட வேண்டும். அவ்வளவுதான் வசனம்.

5

நாடகம் நடந்தது சலவைக்கூடத்தின் பின்புறம், துணி உலர்த்தும் வெளியில். ஞாயிறு என்பதால் கொடிகள் காலியாக இருந்தன. வரிசைக்காரர்கள் பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். கடைசியாக அம்மா வந்தாள். நாடகம் பார்க்க அல்ல.

"ஆஸ்பத்திரித் துணியை எடுத்துட்டு வந்திருக்காங்களாமே. அழுக்காச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்று பக்கத்துப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டே முன்வரிசையில் உட்கார்ந்தாள். அக்கா விதிகளை விளக்கியபோது அவள் காது கொடுக்கவில்லை. கண் முழுக்க விரிப்பின் மேல்தான் இருந்தது.

இயந்திரம் ஓடத் தொடங்கியது. ம்ம்ம்ம். ரேடியோவும் வயர்மேனும் விரிப்பை உதறினார்கள். அவள் வலப்பக்கம் மடிக்க, அவன் இடப்பக்கம் மடிக்க, துணி நடுவில் முறுக்கிக்கொண்டு பிழிந்த மாதிரி ஆகிவிட்டது. கூட்டம் சிரித்தது. அடுத்த முயற்சியில் ஒரு முனை மண்ணில் புரளப் போனது.

அம்மா கையைத் தூக்கிவிட்டாள்.

அவள் சொல்ல வந்தது, 'அப்படியில்ல, மண்ணுல போடாதீங்க' என்பதுதான். ஆனால் அக்கா கை தட்டிவிட்டார். எல்லோரும் உறைந்தார்கள். வயர்மேன் சால்வையைக் கழற்றி அவள் தோளில் போட்டு, இரண்டு முனைகளையும் கையில் திணித்துவிட்டு விலகினான். வேறு யாராக இருந்தாலும் துணியைப் போட்டுவிட்டு இறங்கியிருப்பார்கள். இருபது வருஷம் மடித்த கை. பிடித்த முனையை விட அதற்குத் தெரியாது.

"இப்படி உதறணும்" என்றாள். உதறினாள். "இழுத்துப் பிடி. தளர விடாதே." ரேடியோ இழுத்துப் பிடித்தாள். மடித்தார்கள். ஒருவரை நோக்கி ஒருவர் நடந்தார்கள். முகங்கள் அருகில் வந்ததும் ரேடியோ, ஒத்திகையில் சொன்ன வசனத்தை மாற்றாமல் சொன்னாள்:

"அம்மா, நான் இப்படித்தான். உனக்கு நான் வேணுமா, வேண்டாமா?"

அப்போதுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ரேடியோ ஒரு கையால் கண்ணைத் துடைத்தாள், முனை நழுவியது.

"பிடிடி ஒழுங்கா" என்றாள் அம்மா. "அழுதுட்டே மடிச்சா கோணலாத்தான் போகும். சாப்பிட்டியாடி நீ? உங்கம்மா எங்க இருக்காங்க?"

"அவங்க... வீட்டுக்குள்ள விடுறதில்லம்மா." இது வசனத்தில் இல்லை. ரேடியோவை யாருடைய அம்மாவும் அதுவரை 'டி' போட்டுக் கூப்பிட்டதில்லை.

ஓரமாகக் குந்தியிருந்த மடிப்பு இதையெல்லாம் கேட்டாள். தான் இத்தனை மாதமாகக் காத்திருந்த சொல், இதோ, தன் அம்மா வாயிலிருந்து, கைக்கெட்டும் தூரத்தில், வேறொருத்திக்குப் போகிறது. சந்தோஷமா, வயிற்றெரிச்சலா என்று அவளுக்கே பிடிபடவில்லை. 'ம்ம்ம்ம்' நின்றுபோனது.

அம்மா திரும்பவில்லை. குனிந்து கீழ் மடிப்பைத் தூக்கிக்கொண்டே கேட்டாள்:

"மெஷின் ஏன் நின்னுச்சு?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மடிப்பு கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஓடினாள்.

6

(நான் மூன்று நாளாக இந்த ஒரு வரியிலேயே கிடக்கிறேன். அவள் யாரைக் கேட்டாள்? நாடகத்தில் ஓசை நின்றதைத்தான் சொன்னாளா? கூடத்தில் இயந்திரம் நின்றால் கேட்கும் வழக்கத்தில் வாய் தவறி வந்ததா? இல்லை, மகள் அழுவது கேட்டு, அழாதே என்று சொல்ல அவளுக்கு வேறு வழி தெரியவில்லையா? அவள் முகம் எனக்கும் தெரியவில்லை. விரிப்பு மறைத்துவிட்டது.)

நாடகம் முடிந்து கொடிக் கம்பத்தடியில் ரேடியோ, மடிப்பின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"உங்கம்மாவை நான் எடுத்துக்கிட்ட மாதிரி இருக்குப்பா."

"ரெண்டு நாள் வச்சுக்கோ" என்றாள் மடிப்பு. "அப்புறம் திருப்பிக் குடுத்துடு."

சாயங்காலம் வீட்டில் அம்மா பானையைப் பார்த்துச் சொன்னாளாம்: "அந்த உசரமான பொண்ணை ஒருநாள் சாப்பிடக் கூட்டிட்டு வர்றவங்க கூட்டிட்டு வரலாம்."

7

இனி திங்கட்கிழமைக் காலை. முடிவு அங்கேதான் இருக்கிறது.

முடிவு, ஒன்று: அம்மா உருளைப் பக்கம் போகாமல் நேரே மடிக்கும் மேசைக்கு வருகிறாள். எதிர்முனையை எடுத்து உதறுகிறாள். "என்னடி பார்த்துட்டு நிக்கிறே, பிடி" என்கிறாள். (எழுதி முடித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாமே எழுதி நாமே அழுதால் சந்தேகப்பட வேண்டும். எனக்கும் ஓர் அப்பா இருக்கிறார். நானும் என் நண்பனும் குடியிருக்கும் வீட்டின் வாசல்வரை வந்து, மணியடிக்காமல் திரும்பிப் போனவர். அவர் வந்து மணியடிப்பதைத்தான் அம்மாவின் கையால் எழுதிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.)

முடிவு, இரண்டு: அம்மா உருளைக்கே போகிறாள். ஒரு பொழுது ஒரு துணியைப் பிடித்ததால் மனுஷி மாறிவிடுவாளா என்ன? மடிப்பு எதிரில் வந்த புது ஆளுக்கு எப்படி உதறுவது என்று சொல்லிக்கொடுத்து— (இது உண்மையாக இருக்கக்கூடும். அதனாலேயே எழுதப் பிடிக்கவில்லை.)

பொறுக்கமாட்டாமல் மடிப்பைப் போனில் கூப்பிட்டுக் கேட்டேன்.

"திங்கட்கிழமை என்னதான்மா ஆச்சு?"

"சொல்ல மாட்டேன்" என்றாள். பின்னால் இயந்திரம் இரைந்தது. "என் கதையில நான் நடிக்கக் கூடாதுல்ல. விதி அது. நீங்களே முடிச்சுக்கோங்க சார்."

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். மேலே அடைப்புக்குறிக்குள் உளறிவிட்டேனே, இது கொஞ்சம் என் கதையும்தான். அதே விதிப்படி நானும் முடிக்கக் கூடாது.

ஆகவே நான் கை தட்டுகிறேன். எல்லோரும் அப்படியே நிற்கிறார்கள். காலை, கூடம், ஈர வாடை. மடிப்பு விரிப்பின் இரண்டு முனைகளை இழுத்துப் பிடித்திருக்கிறாள். மற்ற இரண்டும் மேசை விளிம்பில் தொங்குகின்றன. இதுவரை படித்தவர்களில் யார் வேண்டுமானாலும் கை தூக்கலாம். மகளின் இடம் காலி இல்லை. அதில் அவளே நிற்கிறாள். நீங்கள் வருவதானால் அம்மாவாகத்தான் வர முடியும்.

இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அவளுக்குக் கை வலிக்கத் தொடங்கிவிட்டது.